கல்ச்சர் பரிசோதனை: மாதிரி எடுப்பது முதல் ரிப்போர்ட் வரை (தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான கேள்வி பதில்)

மாதிரி கொடுக்க வரும் நோயாளிகள், அதை எடுக்கும் செவிலியர்கள், பிளேட் (கிருமிக்கு உணவான ஊடகம் ஊற்றிய தட்டு) போட்டுப் படிக்கும் லேப் டெக்னீஷியன்கள் ஆகிய மூன்று தரப்பினரும் கேட்பவை இங்கே கலந்தே இருக்கின்றன. கல்ச்சர், அதாவது மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, தப்பாகப் போவது பெரும்பாலும் லேபுக்குள் அல்ல. மாதிரி பாட்டிலில் விழுந்த நொடிக்கும் லேப் வாசலுக்கும் இடையிலேதான் அது கெடுகிறது. அதனால் அந்தப் பகுதிக்கே இங்கே அதிக இடம்.

சர்க்கரை, சிறுநீரக டெஸ்ட்டெல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. கல்ச்சருக்கு மட்டும் ஏன் மூன்று நாள்?

மற்ற பரிசோதனைகள் ரத்தத்தில் இருக்கும் ஒரு பொருளை அளக்கின்றன. கல்ச்சரில் கிருமியை உயிரோடு பிடித்து வளர்க்க வேண்டும். முதல் நாள் மாதிரியைப் பிளேட்டில் தேய்த்து 35 முதல் 37 டிகிரியில் இன்குபேட்டரில் வைக்கிறோம். மறுநாள் காலை, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் காலனிகள் (கிருமிக் கூட்டங்கள்) வளர்ந்திருக்கும். அதிலிருந்து கிருமி எது என்று கண்டுபிடிக்கும் சோதனைகளையும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற சென்சிடிவிட்டியையும் போடுகிறோம். அது முடிய இன்னொரு இரவு. யூரினுக்கு 48 மணி நேரம், சீழுக்கு 48 முதல் 72 மணி நேரம் என்பது இப்படி வந்த கணக்கு. ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாக இருக்கும் என்பதால், இயந்திர முறையில் 5 நாளும் கையால் பார்க்கும் முறையில் 7 நாளும் காத்திருந்த பிறகே ‘வளரவில்லை’ என்று சொல்ல முடியும். நடுவில் ஏதாவது வளர்ந்தால் ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போனில் சொல்லிவிட வேண்டும்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சாப்பிட்டுவிட்டே வரலாம்.

ஏற்கெனவே மாத்திரை போட்டாயிற்று. இனி கல்ச்சர் கொடுத்துப் பயன் உண்டா?

என்ன மாத்திரை என்பதைப் பொறுத்தது. பாராசிட்டமால், வயிற்றுப் புண் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதுவும் கல்ச்சரைப் பாதிக்காது. ஆன்டிபயாடிக் பாதிக்கும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய இரண்டே இரண்டு மாத்திரைகூட யூரினில் இருக்கும் கிருமியை வளர விடாமல் அமுக்கிவிடும், ஆனால் நோயைக் குணமாக்காது. பிறகு ‘வளரவில்லை’ என்று ரிப்போர்ட் வரும், காய்ச்சலும் விடாது.

ஆகவே முதல் டோஸுக்கு முன் மாதிரி எடுப்பதே சரி. அதற்காக, ரத்த அழுத்தம் இறங்கி மோசமாக இருக்கும் நோயாளிக்கு மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தத்தை எடுத்த கையோடு ஊசியைப் போட்டுவிடலாம், இரண்டுக்கும் இடையே சில நிமிடம் போதும். மருந்து ஏற்கெனவே தொடங்கியிருந்தால், அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். படிவத்தில் மருந்தின் பெயரை எழுதினால், லேபில் ரிப்போர்ட்டைப் படிக்கும் விதமே மாறும்.

யூரினை எப்படிப் பிடிக்க வேண்டும்? பிடிப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. சிறுநீர்ப்பையில் இருக்கும்போது சிறுநீர் சுத்தமானது. வெளியே வரும் வழியில் தோலிலும் சிறுநீர்க் குழாயின் முனையிலும் இருக்கும் கிருமிகள் அதில் சேர்கின்றன. முதலில் வரும் சிறுநீர் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் நடுவில் வருவதைப் பிடிக்கிறோம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெண்கள் பிறப்புறுப்பின் உதடுகளை இரு விரலால் விரித்து, முன்னிருந்து பின்னாகச் சுத்தமான தண்ணீரால் கழுவி, பிடித்து முடிக்கும்வரை விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். ஆண்கள் முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவ வேண்டும். டெட்டால் போன்ற கிருமிநாசினி வேண்டவே வேண்டாம், அதில் ஒரு சொட்டு பாட்டிலில் விழுந்தாலும் கிருமி செத்துவிடும். முதலில் கொஞ்சம் கழிவறையில் விட்டு, ஓட்டத்தை நிறுத்தாமல் பாட்டிலை நடுவில் நீட்டி 10 முதல் 20 மி.லி. பிடித்து, பாட்டிலை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கழிவறையிலேயே முடிக்கலாம். மூடியின் உட்புறத்தையும் பாட்டிலின் விளிம்பையும் தொடக் கூடாது. மூடியைத் தரையில் கவிழ்த்து வைப்பதும் தொடுவதற்குச் சமம்.

காலையில் முதலில் போகும் சிறுநீர் நல்லது. இரவு முழுக்க சிறுநீர்ப்பையில் தங்கியதால் கிருமி எண்ணிக்கை கூடியிருக்கும். மாதவிடாய் நாள் என்றால் முடிந்தபின் வரலாம், அவசரம் என்றால் படிவத்தில் எழுதுங்கள்.

கேத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட்டவருக்கு யூரின் பையிலிருந்து எடுக்கவே கூடாது. அதில் பல மணி நேரமாகக் கிருமி பெருகிக் கிடக்கும். குழாயை மாதிரி எடுக்கும் இடத்துக்குக் கீழே சிறிது நேரம் கிளிப் போட்டு, அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்ந்தபின் ஊசி சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். குழாயைப் பையிலிருந்து கழற்றி ஊற்றுவதும் தப்பு. கேத்தீட்டர் பல நாளாக உள்ளே இருந்தால், மாற்றிய புதிய குழாயிலிருந்து எடுப்பது நம்பகமானது. கழற்றிய கேத்தீட்டரின் நுனியை வெட்டி அனுப்பினால் லேப் நிராகரிக்கும். அதில் வளர்வது வெறும் ஒட்டுக்கிருமி.

கைக்குழந்தைக்கு ஒட்டும் பையில் பிடித்ததை நம்பிச் சிகிச்சை தொடங்கக் கூடாது. அதில் ‘வளரவில்லை’ என்று வந்தால் மட்டுமே அர்த்தம் உண்டு. வளர்ந்தால் கேத்தீட்டர் விட்டோ, வயிற்றின் மேலிருந்து ஊசி போட்டோ டாக்டர் திரும்ப எடுப்பார்.

வீட்டில் இருக்கும் பாட்டிலைக் கொதிக்க வைத்து எடுத்து வரலாமா?

கூடாது. கொதிநீரில் சில கிருமிகளின் வித்துக்கள் சாகாது, சோப்பின் மிச்சம் பாட்டிலில் ஒட்டியிருக்கலாம். லேபில் தரும் கிருமி நீக்கிய, அகல வாயுள்ள, திருகு மூடிப் பாட்டில்தான் வேண்டும். பெயரைப் பாட்டிலின் உடலில் எழுதுங்கள், மூடியில் அல்ல. மூடிகள் ஒன்றுக்கொன்று மாறும்.

அஞ்செட்டியிலிருந்து, சித்தேரி மலையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவர மூன்று மணி நேரம் ஆகிறது. யூரின் தாங்குமா?

வெளியில் வைத்தால் தாங்காது. யூரின் தொற்றில் அடிக்கடி வரும் இ.கோலை என்ற குடல் கிருமி வசதியான சூட்டில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரு மி.லி.-யில் ஆயிரம் கிருமி இருந்தால், அது நோயைக் காட்டும் எண்ணிக்கை அல்ல. அதே ஆயிரம், ஏழு முறை இரட்டித்தால் 1,28,000. பெருகத் தொடங்க அது சற்று நேரம் எடுக்கும் என்றாலும், மே மாதம் அரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இரண்டரை மணி நேரம் கிடந்தால் இது நடக்கக்கூடியதே. ஒரு மி.லி.-க்கு ஒரு லட்சம் என்பதுதான் நோய் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமான அளவு. நோயில்லாதவருக்கு ஆன்டிபயாடிக் எழுதும்படி பஸ் பயணமே செய்துவிடும்.

கையேடுகளில் ‘அறை வெப்பநிலையில் 2 மணி நேரம்’ என்று எழுதியிருக்கும். அந்த அறை 20 முதல் 25 டிகிரி உள்ளது. தருமபுரியில் சித்திரை வெயிலில் மின்விசிறி ஓடும் அறை அதுவல்ல. கோடையில் அந்த 2 மணி நேரத்தையும் நம்பாமல், பிடித்த உடனே 2 முதல் 8 டிகிரியில் வைத்துவிடுங்கள். குளிரில் 24 மணி நேரம் தாங்கும். ஐஸ் பேக்கைத் துணியிலோ பேப்பரிலோ சுற்றி, பாட்டிலை ஜிப் கவரில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். தடுப்பூசி கேரியரில் தடுப்பூசியோடு சேர்த்து ஒருபோதும் வைக்காதீர்கள். ஐஸ் வசதி இல்லாத இடத்தில் போரிக் அமிலம் உள்ள பாட்டில் உதவும், அதில் வெளியிலேயே 24 மணி நேரம் எண்ணிக்கை மாறாமல் இருக்கும். ஆனால் பாட்டிலில் கோடு போட்ட அளவுவரை நிரப்ப வேண்டும். கொஞ்சமாக ஊற்றினால் அமிலம் கூடி, கிருமியே செத்துவிடும்.

எல்லா மாதிரியையும் ஐஸில் போடுவது இன்னொரு தவறு. யூரினும் சளியும் குளிரில் போகலாம். ரத்த பாட்டிலும் முதுகுத் தண்டு நீரும் போகவே கூடாது.

‘மூன்று வகைக் கிருமிகள், மாதிரியைத் திரும்ப அனுப்பவும்’ என்று வந்திருக்கிறது. காசு வீணா?

எரிச்சலாக இருக்கும், ஆனால் அது நேர்மையான ரிப்போர்ட். யூரினில் மூன்றோ அதற்கு மேலோ வகைகள் வளர்ந்தால் பெரும்பாலும் அது தோலிலிருந்து கலந்தது. அதற்கும் சென்சிடிவிட்டி போட்டுக் கொடுக்கும் லேபைவிட, திரும்பக் கேட்கும் லேபே நல்ல லேப்.

எண்ணிக்கை வருவது இப்படி. 0.001 மி.லி. மட்டும் எடுக்கும் அளவு லூப்பைச் செங்குத்தாக யூரினில் நனைத்துப் பிளேட்டில் தேய்க்கிறோம். வளர்ந்த காலனியை ஆயிரத்தால் பெருக்கினால் ஒரு மி.லி.-க்கான எண். நூறு காலனி என்றால் ஒரு லட்சம். லூப்பைச் சாய்த்து நனைத்தால் கூடுதலாக ஏறிவிடும். பாட்டிலை மெதுவாக ஆட்டாமல் எடுத்தால் அடியில் படிந்த கிருமி விட்டுப்போகும். ஒரு லட்சம் என்பது கல்வெட்டும் அல்ல. எரிச்சலும் சீழ் அணுக்களும் உள்ள பெண்ணுக்கு, ஒரே வகை இ.கோலை அதற்குக் குறைவாக வந்தாலும் டாக்டர் மதிப்பார்.

பிளட் கல்ச்சருக்கு ஏன் இவ்வளவு ரத்தம் எடுக்கிறார்கள்?

நோயாளியின் ஒரு மி.லி. ரத்தத்தில் ஒரே ஒரு கிருமிகூட இல்லாமல் இருக்கலாம். 2 மி.லி. எடுத்துவிட்டு ‘வளரவில்லை’ என்பது, ஏரியில் ஒரு சொம்பு மொண்டு பார்த்து மீனே இல்லை என்பது போல. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வேண்டும், இரண்டு கைகளிலிருந்து இரண்டு முறை எடுப்பது நல்லது. பச்சிளங்குழந்தைக்கு 1 மி.லி. போதும். வளர்ந்த குழந்தைக்கு எடையைப் பார்த்து 2 முதல் 5 மி.லி. எடுக்கலாம். இதய வால்வில் தொற்று என்று சந்தேகம் இருந்தால் இடைவெளி விட்டு மூன்று முறை.

தோலைச் சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. முதலில் 70 சதவீத ஆல்கஹால், பிறகு ஆல்கஹாலில் கலந்த 2 சதவீத குளோர்ஹெக்சிடினால் 30 நொடி தேய்த்து, தானாக உலர விட வேண்டும். போவிடோன் அயோடின் என்றால் உலர ஒன்றரை இரண்டு நிமிடம் ஆகும். உலரும்போதுதான் கிருமி சாகிறது, ஈரத்தோடு குத்தினால் பாதி வேலைதான் நடந்திருக்கும். சுத்தம் செய்தபின் நரம்பை விரலால் திரும்பத் தடவிப் பார்க்காதீர்கள். பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் உள்ளே தெரியும் ரப்பர் கிருமி நீக்கியது என்று நினைக்காமல் அதையும் ஆல்கஹாலால் துடையுங்கள். அந்த ரப்பரில் அயோடின் வேண்டாம்.

ஹீமோகுளோபின், சர்க்கரைக்கும் சேர்த்து எடுப்பதென்றால் கல்ச்சர் பாட்டிலில்தான் முதலில் விட வேண்டும். மற்ற குழாய்களின் வாய் கிருமி நீக்கியதாக இருக்காது. ஏற்கெனவே போட்டிருக்கும் டிரிப் லைனிலிருந்து எடுக்கக் கூடாது. லேபிலேயே தயாரித்த பாட்டில் என்றால் ரத்தத்துக்கும் திரவத்துக்கும் 1-க்கு 5 முதல் 1-க்கு 10 விகிதம் வேண்டும். 50 மி.லி. பாட்டிலில் 5 மி.லி.-க்குக் குறையக் கூடாது. விட்டதும் மெதுவாகப் பலமுறை கவிழ்த்துக் கலக்குங்கள், உறைந்துவிட்டால் கிருமி கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்த பாட்டிலைத் திங்கள்கிழமை அனுப்ப ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன் என்று யாராவது சொன்னால், அதைத் திரும்ப எடுப்பதே நல்லது.

டைபாய்டுக்கு வைடால் போதாதா?

வைடால் சுலபம், மலிவு, அரை நாளில் கிடைக்கும். ஆனால் அது ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. முதல் வாரத்தில் அது இன்னும் உருவாகியிருக்காது. பழைய தொற்று, தடுப்பூசி, வேறு காய்ச்சல்கள் ஆகியவற்றாலும் கூடும். டைபாய்டு சகஜமாக உள்ள ஊரில் ஒரே ஒரு வைடாலை வைத்து முடிவு செய்வதை எங்களால் ஆதரிக்க முடியாது. ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, நான்கு மடங்கு கூடியிருந்தால் அது வேறு விஷயம்.

முதல் வாரத்தில் ரத்த கல்ச்சரே சிறந்தது. அதிலும் நோய் இருந்தும் பத்தில் மூன்று நான்கு பேருக்கு வளராமல் போகலாம். வளர்ந்துவிட்டால் கூடுதல் லாபம் உண்டு. நம் நாட்டு டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படுவதில்லை, எது கட்டுப்படும் என்பதைக் கல்ச்சர் மட்டுமே சொல்லும்.

ரத்தத்தில் ‘கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டைஃபைலோகாக்கஸ்’ வந்திருக்கிறது. ஆபத்தா?

இது தோலில் குடியிருக்கும் கிருமி. இரண்டில் ஒரு பாட்டிலில் மட்டும், அதுவும் இரண்டு நாள் கழித்து வளர்ந்தால் அநேகமாக ஊசி போட்ட இடத்திலிருந்து வந்ததுதான். இரண்டு கைகளில் எடுத்த இரண்டிலும் ஒரே நாளில் வந்தாலோ, நோயாளிக்கு டயாலிசிஸ் லைனோ செயற்கை வால்வோ இருந்தாலோ உண்மையான தொற்றாக இருக்கலாம். ஒரே பாட்டில் மட்டும் அனுப்பியிருந்தால் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வழியே இல்லை. இரண்டு முறை எடுக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். எடுக்கும் பாட்டில்களில் இப்படிக் கலப்படமாவது நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போனால், அந்த வார்டில் தோல் சுத்தம் செய்யும் முறையைப் போய்ப் பார்க்க வேண்டும்.

சளி கொடுத்தேன், ‘எச்சில், ஏற்க இயலாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்களே?

நுரையீரலிலிருந்து வருவதே சளி. வாயில் ஊறுவது வேறு. காலை எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சு இழுத்து, அடிவயிற்றிலிருந்து இருமி 3 முதல் 5 மி.லி. துப்ப வேண்டும். லேபில் அதை ஸ்லைடில் சாயம் போட்டுக் குறைந்த பெரிதாக்கத்தில் பார்ப்பார்கள். ஒரு வட்டத்தில் 25-க்கு மேல் சீழ் அணுக்களும் 10-க்குக் குறைவாக வாய்த்தோல் அணுக்களும் இருந்தால் நல்ல சளி. தலைகீழாக இருந்தால் கல்ச்சர் போட்டால் வாய்க் கிருமிதான் வளரும்.

காசநோய்ச் சந்தேகம் என்றால் இந்தக் கல்ச்சரில் அது வராது. அதற்கு இரண்டு சளி மாதிரிகள் கொடுத்து, ட்ரூநாட் அல்லது சிபிநாட் இயந்திரத்தில் பார்ப்பது அரசுத் திட்டத்தில் இலவசம். காசநோய்க் கிருமியைத் தனி ஊடகத்தில் வளர்க்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

சர்க்கரை நோயாளியின் கால் புண்ணிலிருந்து ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில் தேய்த்து எடுப்பது) எடுத்து அனுப்பினால் போதுமா?

கடைசி வழியாக மட்டுமே. புண்ணின் மேல் இருக்கும் சீழிலும் பொருக்கிலும் வந்து குடியேறிய கிருமிகள் பல. நோயை உண்டாக்குவது அடியில் இருக்கிறது. கட்டி என்றால் சிரிஞ்சால் உறிஞ்சிய சீழ் 1 மி.லி., ஸ்வாப்பைவிட எவ்வளவோ மேல். புண் என்றால் சலைனால் நன்றாகக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்தபின், அடியிலிருக்கும் திசுவில் ஒரு துண்டு. ஸ்வாப்தான் முடியும் என்றால், கழுவிய புண்ணின் சிவந்த அடிப்பகுதியில் ஒரு சதுர செ.மீ. இடத்தில் 5 நொடி அழுத்திச் சுழற்றி எடுங்கள். இரண்டு ஸ்வாப் வேண்டும், ஒன்று கிராம் சாயத்துக்கும் (கிருமிகளை ஊதா, சிவப்பு என இரண்டாகப் பிரித்துக் காட்டும் சாயம்) மற்றொன்று கல்ச்சருக்கும். தாமதமாகும் என்றால், வழியில் கிருமியை உயிரோடு வைக்கும் ஏமிஸ் ஊடகக் குழாயில் அனுப்புங்கள். வெறும் பஞ்சு ஸ்வாப் காய்ந்தால் கிருமி செத்துவிடும்.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் திசுக்களில் திரும்பத் திரும்ப நடக்கும் கொடுமை ஃபார்மலின். பயாப்சிக்கு ஃபார்மலின் சரி. கல்ச்சருக்கு அதில் போட்டால் எல்லாமே செத்திருக்கும். திசுவை இரண்டாக வெட்டி, ஒன்றை ஃபார்மலினிலும் இன்னொன்றைக் கிருமி நீக்கிய சலைன் சில சொட்டு விட்ட பாட்டிலிலும் அனுப்ப வேண்டும்.

மலம், தொண்டை, முதுகுத் தண்டு நீர் ஆகியவற்றுக்கு என்ன முறை?

மலத்தில் சளியோ ரத்தமோ உள்ள பகுதியை எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். சீதபேதிக் கிருமியான ஷிகெல்லா, மலம் புளிக்கத் தொடங்கியதும் சாகும். தாமதம் என்றால் கேரி-பிளேர் ஊடகம். கஞ்சித் தண்ணீர் போலப் போனால் காலரா சந்தேகம் என்று படிவத்தில் எழுதுங்கள். அதற்குத் தனியாக, பிஹெச் 8.4-க்கு மேலுள்ள காரப் பெப்டோன் தண்ணீரும், மஞ்சள் காலனி காட்டும் டிசிபிஎஸ் பிளேட்டும் வேண்டும். சாதாரண பிளேட்டில் பார்க்கச் சொன்னால் விட்டுப்போகும்.

தொண்டை ஸ்வாப்பை நாக்கில் படாமல் இரு டான்சில்களிலும் பின்சுவரிலும் தேய்க்க வேண்டும். வெள்ளைச் சவ்வு தெரிந்தால் டிப்தீரியா என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

முதுகுத் தண்டு நீர், எடுத்த சில நிமிடங்களில் கையோடு போக வேண்டும். குளிர் கூடவே கூடாது, மூளைக்காய்ச்சல் கிருமிகள் குளிரில் செத்துப்போகும். மூன்று குழாய்களில் இரண்டாவதைக் கல்ச்சருக்குக் கொடுங்கள், முதலாவதில் தோல் கிருமி கலந்திருக்கலாம்.

ஓசூரில் ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) 15 பவுண்டு அழுத்தம் காட்டியும் ஊடகம் கெட்டுப்போகிறது. ஏன்?

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால், 15 பவுண்டில் உள்ளே 121 டிகிரி வராது, ஒன்றரை டிகிரி போலக் குறையும். 300 மீட்டருக்கு அரை பவுண்டு கூட்டுவது கணக்கு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பதினாறரை பவுண்டு வேண்டும். தருமபுரிக்கு முக்கால் பவுண்டு கூடுதல். பாதுகாப்பு வால்வு 15-லேயே திறந்தால் அதைக் கட்டிப்போடும் வேலை வேண்டாம், நேரத்தை 15 நிமிடத்திலிருந்து 20-ஆகக் கூட்டுங்கள். உள்ளே தெர்மாமீட்டர் உள்ள கருவி என்றால் அழுத்தத்தை விட்டுவிட்டு 121 டிகிரியைப் பாருங்கள்.

உயரத்தைவிட அடிக்கடி காரணமாவது காற்று. நீராவி ஒரே சீராக வரும்வரை வால்வைத் திறந்து வைக்காமல் மூடினால், உள்ளே சிக்கிய காற்றால் அழுத்தம் வரும், சூடு வராது. கோடு போட்ட டேப் கறுப்பது சூடு பட்டதற்கு மட்டுமே அடையாளம். வாரம் ஒருமுறை வித்துப் பட்டையை (சூடு தாங்கும் கிருமி வித்துக்கள் உள்ள பட்டை) வைத்து, 55 முதல் 60 டிகிரியில் வளர்த்துப் பார்ப்பதே உண்மையான சோதனை.

லேபிலேயே பிளேட் தயாரிப்பதில் கவனிக்க வேண்டியவை?

போர்வெல் தண்ணீர் வேண்டாம். இந்தப் பக்கத்துத் தண்ணீரின் கடினத்தில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும், சூடோமோனாஸ் என்ற கிருமிக்குப் போடும் ஜென்டாமைசின், அமிகாசின் மருந்து டிஸ்குகளைச் சுற்றிக் கிருமி வளராமல் நிற்கும் வட்டங்களைச் சுருக்கிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். ஊடகப் பொடிகளில் முல்லர்-ஹின்டன் லிட்டருக்கு 38 கிராம், நியூட்ரியன்ட் அகார் 28 கிராம். மெக்காங்கி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவில் போட்டிருப்பதே சட்டம்.

பிளட் அகாருக்குச் செம்மறி ஆட்டு ரத்தம் 5 சதவீதம், லிட்டருக்கு 50 மி.லி. ஊடகம் 45 முதல் 50 டிகிரிக்கு ஆறியபின் ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் சாக்லேட் நிறமாகிவிடும். கசாப்புக் கடையில் பிடித்த ரத்தம் உதவாது, உயிருள்ள ஆட்டின் கழுத்து நரம்பிலிருந்து கண்ணாடி மணிகள் போட்ட குடுவைக்குள் சுத்தமாக எடுத்து, உறையாதபடி சுழற்றியிருக்க வேண்டும். காலாவதியான ரத்த வங்கிப் பையைப் பயன்படுத்தும் பழக்கம் சில லேபுகளில் இன்னும் இருக்கிறது. அதில் எதிர்ப்புப் பொருளும் மருந்து மிச்சமும் சிட்ரேட்டும் கிருமியை அமுக்கும், ஹெபடைட்டிஸ் அபாயம் வேறு. கைவிடுங்கள்.

கோடையில் இன்குபேட்டர் 40 டிகிரி காட்டுகிறது. கரண்ட் போனால் என்ன செய்வது?

சாதாரண இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையே 38 டிகிரி என்றால் உள்ளே 35-ல் நிற்காது. ஏசி அறையில் வைப்பது அல்லது குளிர்விப்பும் உள்ள பிஓடி இன்குபேட்டர் வாங்குவது, இந்த இரண்டே வழி. இது சின்ன விஷயமல்ல. சென்சிடிவிட்டி பிளேட் 35 டிகிரிக்கு மேல் போனால் எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டைஃபைலோகாக்கஸ்) கிருமி, மருந்துக்குக் கட்டுப்படுவது போலவே பொய்க்கணக்குக் காட்டலாம்.

கரண்ட் இரண்டு மணி நேரம் போனால் கதவைத் திறக்காமல் இருங்கள். கல்ச்சர் தாமதமாகும், கெடாது. ஆனால் சென்சிடிவிட்டி பிளேட் அந்த நேரத்தில் உள்ளே இருந்திருந்தால் திரும்பப் போடுங்கள். உச்சமும் தாழ்வும் பதியும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துக் காலையும் மாலையும் எழுதி வையுங்கள். பிளேட்டுகள் கவிழ்ந்தே இருக்கட்டும், மூடியில் கோக்கும் நீர்த்துளி காலனி மேல் விழுந்தால் எல்லாம் ஒன்றாகப் பரவிவிடும்.

கிராம் சாயத்தில் எல்லாமே சிவப்பாக வருகிறதே?

நிறம் நீக்கும் கட்டத்தில் அதிகமாகக் கழுவியிருக்கிறீர்கள். அசிட்டோன் என்றால் இரண்டு மூன்று நொடி, ஆல்கஹால் என்றால் பத்து முதல் இருபது நொடி, உடனே தண்ணீர். ஸ்லைடைச் சுடரில் அதிகம் வாட்டினாலும், கல்ச்சர் மிகப் பழையதானாலும் ஊதா நிற்காது. தடித்த பூச்சில் இதற்கு நேர்மாறாக எல்லாம் ஊதாவாகத் தெரியும். ஒவ்வொரு தொகுதியோடும் தெரிந்த ஸ்டைஃபைலோகாக்கஸும் இ.கோலையும் ஒரே ஸ்லைடில் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

ரிப்போர்ட்டில் எந்த மருந்தின் வட்டம் பெரிதோ அதுவே நல்ல மருந்தா?

இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் தனி அளவுகோல். ஒன்றுக்கு 18 மி.மீ. தேறும், இன்னொன்றுக்கு 18 மி.மீ. தோல்வி. வட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் எஸ் (கட்டுப்படும்), ஐ (இடைநிலை), ஆர் (கட்டுப்படாது) எழுத்தைப் பார்க்க வேண்டும். எது பொருத்தம் என்பது தொற்று இருக்கும் இடம், சிறுநீரகம், கர்ப்பம் எல்லாவற்றையும் பார்த்து டாக்டர் சொல்வது.

லேபில் வட்டம் பொய் சொல்லும் இடங்கள் சில. கிருமியைக் கலக்கிய நீரின் கலங்கல், 0.5 மெக்ஃபார்லண்டு என்ற நிர்ணய அளவுக்குக் கூடினால் வட்டம் சுருங்கும், குறைந்தால் விரியும். கலக்கிய 15 நிமிடத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். அகார் 4 மி.மீ. கனம் இருக்க, 9 செ.மீ. பிளேட்டுக்கு 25 மி.லி. ஊற்ற வேண்டும். மெல்லியதாக ஊற்றி மிச்சம் பிடித்தால் கட்டுப்படாத கிருமியும் கட்டுப்படுவதாகத் தெரியும். டிஸ்க் குப்பியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள், இல்லையேல் ஈரம் கோத்து மருந்து வீரியம் இழக்கும். பிளேட்டில் பட்ட டிஸ்கை நகர்த்தாதீர்கள். கொலிஸ்டினுக்கும், ஸ்டைஃபைலோகாக்கஸுக்கு வான்கோமைசினுக்கும் டிஸ்க் முறையே செல்லாது. போட்டுக் கொடுத்தால் அது ரிப்போர்ட் அல்ல, ஊகம்.

‘வளரவில்லை’ என்று வந்தும் காய்ச்சல் விடவில்லை. கிருமியே இல்லையா?

இந்தப் பிளேட்டில் வளரும் கிருமி கிடைக்கவில்லை என்று மட்டுமே பொருள். டெங்கு வைரஸ், மலேரியா, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் எதுவும் வழக்கமான கல்ச்சரில் வராது. காட்டோரம், புதர் ஓரம் வேலை செய்பவருக்கு அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டது போலக் கறுத்த சிறு பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், அது ஸ்க்ரப் டைபஸின் அடையாளம்.

ஆடு மாடு வளர்ப்பவர், கன்று ஈன்றபோது உதவியவர், பச்சைப் பால் குடிப்பவர் என்றால் படிவத்தில் எழுதுங்கள். கால்நடைகளிலிருந்து தொற்றும் புரூசெல்லா கிருமி மெதுவாக வளரும், பிளேட்டைத் திறக்கும் டெக்னீஷியனுக்கே மூச்சு வழியாகத் தொற்றும். சர்க்கரை உள்ள விவசாயிக்குக் கட்டியோ நிமோனியாவோ வந்து, ‘சூடோமோனாஸ்’ போன்ற ஒன்று வளர்ந்து, அது ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் கட்டுப்படாமல் அமாக்சிக்ளாவுக்குக் கட்டுப்பட்டால் மெலியாய்டோசிஸை (மண், தண்ணீரிலிருந்து தொற்றும் கடும் நோய்) நினைக்க வேண்டும். மூடிய பிளேட்டை அப்படியே வைத்துவிட்டு, மருத்துவக் கல்லூரி மைக்ரோபயாலஜி துறைக்குச் சொல்லுங்கள். முகர்ந்து பார்க்கும் பழைய பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்து.

பார்த்து முடித்த பிளேட்டையும் சிந்திய மாதிரியையும் என்ன செய்வது?

2016 உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கல்ச்சர் கழிவை லேபிலேயே ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே கொடுக்க வேண்டும். 121 டிகிரியில் 60 நிமிடம், பையின் வாயை லேசாகத் திறந்து வைத்தால்தான் நீராவி உள்ளே போகும். ஊசிகளுக்கு வெள்ளை டப்பா, மூடியைத் திரும்ப மாட்ட வேண்டாம். மாதிரி சிந்தினால் பேப்பரால் மூடி, அதன் மேல் 1 சதவீத ஹைப்போகுளோரைட் ஊற்றி 20 நிமிடம் விட்டுத் துடையுங்கள். கடையில் வாங்குவது 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். தினமும் புதிதாகக் கலக்குங்கள், வெயிலில் வைத்த கரைசல் ஒரே நாளில் வலுவிழக்கும். ஹைப்போகுளோரைட் ஊற்றிய எதையும் ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், பாத்திரமும் அரித்துப்போகும்.